இருதயத்தின் எடை

சூசையப்பர் குப்பத்து இருதயத்தின் உடம்பை விட்டு எடை அடியோடு போய்விட்ட அன்று காலை கடல் வழக்கம்போலத்தான் இருந்தது, விசைப்படகுகள் வழக்கம்போலத்தான் கரைக்கு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன, ஏலக்காரர் ஆரோக்கியம் வழக்கம்போலத்தான் வஞ்சிரத்துக்கு ஒரு குரலும் சூரைக்கு ஒரு குரலுமாகக் கூவிக்கொண்டிருந்தார், அந்தக் கூவலுக்கு நடுவே இருதயம் இடுப்பில் ஒரு துண்டோடு வந்து மீன் நிறுக்கிற பெரிய தராசின் பலகை மேல் ஏறி நின்றான், முள் அசையவில்லை.

ஆரோக்கியம் தராசை ஓர் உதை விட்டார். இருதயத்தை இறங்கச் சொல்லிவிட்டு ஒரு சூரையைத் தூக்கிப் போட்டார், முள் துள்ளிப் போய் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. சூரையை எடுத்துவிட்டு மறுபடி இருதயத்தை ஏற்றினார். முள் தூங்கியது.

“தராசு நல்லாத்தான் கீது. நீதான் நல்லால்ல. எறங்கு, வியாபாரம் கெடுது,” என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த வாத்தியார் துரைக்கண்ணு, இருதயத்துக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர், முள்ளைப் பார்த்தார், இருதயத்தின் முகத்தைப் பார்த்தார், வாயில் இருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பினார். “அம்பத்தோரு கிலோவுக்கு மேல இருக்கக் கூடாது, அதான் விதி. கீழ எது வரைக்கும் போலாம்னு எவனும் எழுதி வெக்கல. நீ பாஸ்,” என்றார்.

அவ்வளவுதான். அப்படித்தான் அது நடந்தது. ஆச்சரியப்பட நேரமில்லாத வேளை அது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

இருதயத்தின் மனைவி பிலோமினாவுக்கு மட்டும் இது முன்பே தெரியும். இறால் உரிக்கும் கொட்டகையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து பாயில் விழுகிறவள் அவள், பக்கத்தில் புருஷன் புரண்டு படுத்தால் பாய் அவன் பக்கம் இழுபடும், அந்த இழுப்பிலேயே அவள் தூங்கிப் பழகியவள். கொஞ்ச நாளாகவே அந்த இழுப்பு குறைந்துகொண்டு வந்தது. ஐஸ் கம்பெனியில் கொக்கி போட்டு ஐஸ் பார்களை இழுத்து இழுத்து எருமைக்கடா மாதிரி ஆகியிருந்த மனுஷன், உச்சி வெயிலில் ரப்பர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு துறைமுகச் சுவர் ஓரமாக ஓடினான், தண்ணீர் குடிப்பதை விட்டான், அரைச் சாத்துக்குடியை நாள் முழுக்கச் சப்பினான், வாயில் ஊறுகிற எச்சிலைக்கூட எடையென்று துப்பினான், அவள் மீன் குழம்பு வைக்கும்போது வாசனை தாங்காமல் கடற்கரைக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டான். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. ஆனால் எலும்புக்கும் ஓர் எடை உண்டே, அதுவும் போகும் என்று பிலோமினா நினைக்கவில்லை. அன்று விடிந்தபோது பாய் அவள் பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது, அவன் பக்கம் விரித்தது விரித்தபடி இருந்தது, அவன் பாய்க்கு நாலு விரல் மேலே கண்மூடிப் படுத்திருந்தான்.

அவள் அவனை எழுப்பவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, அவனுடைய சட்டை ஓரத்திலும் கால்சட்டை மடிப்பிலும் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

குப்பம் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். முதல் வாரம் சின்னப் பிள்ளைகள் அவன் பின்னால் ஓடினார்கள், அதோடு சரி. ஐஸ் கம்பெனியில், கொக்கியை இழுத்தால் ஐஸ் பார் வருவதற்குப் பதில் இவன் ஐஸ் பாரை நோக்கிப் போகிறான் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். கோயில் பாதிரியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, கூரை உச்சியில் வருஷக்கணக்காக எரியாமல் இருந்த விளக்குகளை மாற்றச் சொன்னார், அப்படியே கோபுரத்துச் சூசையப்பரின் தோளில் புறா போட்ட எச்சத்தையும் துடைக்கச் சொன்னார். காற்றில் டிஷ் திரும்பிக்கொண்ட வீடுகளிலெல்லாம் “இருதயண்ணே, கொஞ்சம் மேல போயிட்டு வா,” என்று இடுப்பில் கயிற்றைக் கட்டி அனுப்பினார்கள். படகு முதலாளி ஒருவர் அவனைப் பட்டம் மாதிரி மேலே விட்டு மீன் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார், பார்த்துச் சொன்னான், அன்று சங்கரா மீன் நல்ல பாடு, வலை கொள்ளவில்லை. ரெண்டு கட்சிக்காரர்கள் பேனர் கட்ட அவனுக்காகச் சண்டை போட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர், சீட்டில் உட்காராமல் சீட்டுக்கு மேலே இருக்கிறவனுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று டிரைவரோடு வாக்குவாதம் பண்ணினான். ஒரு மாதத்துக்குள் அவன் வர நேரமானால் கோபப்படுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். “சீரியல் ஓடுது, இவன் எங்கய்யா மெதக்கறான்?” என்று பொம்பளைகள் வைதார்கள்.

ஒருத்தரும் ஏன் என்று அவனைக் கேட்கவில்லை. எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. அதைத்தான் பிலோமினாவால் தாங்கமுடியவில்லை. எல்லாருக்கும் உபயோகமாக இருந்த அந்த ஆள், கயிற்றின் ஒரு முனையில் ஊருக்கு மேலே தனியாக நின்றுகொண்டு, புளியந்தோப்புப் பேட்டை இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புளியந்தோப்பில் கன்னியப்பன் இருந்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ரெண்டு பேரும் ஒரே எடையில் ஒல்லிக்குச்சியாக இருந்த காலத்தில், ஒரு திறந்தவெளி மேடையில் கன்னியப்பனும் இருதயமும் மோதினார்கள். இருதயம் அநாதை விடுதியில் வளர்ந்தவன், பெயர் வைத்ததும் அங்கே இருந்த கன்னியாஸ்திரீதான், யாரும் அவனைக் கட்டி அணைத்ததும் கிடையாது, கை நீட்டி அடித்ததும் கிடையாது. கன்னியப்பனின் இடது கைக்குத்து தாடையில் விழுந்தபோது, உலகத்தில் ஒருத்தன் தன்னை முழுசாக உற்றுப் பார்த்து, தனக்காகவே யோசித்து, தனக்கென்றே ஒன்றைக் கொடுத்தான் என்று அவனுக்குத் தோன்றியது. திருப்பிக் கொடுத்தான். மாறி மாறிக் கொடுத்துக்கொண்டார்கள். யார் ஜெயிப்பது என்று தெரிவதற்குள் மழை கொட்டி, மேடை சரிந்து, ஜனம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு இருதயத்துக்கு வேலை கிடைத்தது, உடம்பு வைத்தது, பெரிய எடைக்காரர்களோடு மோதினான், எல்லாரையும் ஜெயித்தான், யாருடைய குத்தும் அவனைத் தொடவில்லை. கன்னியப்பன் அதே அம்பத்தோரு கிலோவில் நின்றுவிட்டான். ஏறிவர அவனுக்கு உடம்பில்லை. அதனால் இவன் இறங்கினான்.

இதையெல்லாம் அவன் பிலோமினாவிடம் சொன்னது, அவள் கால்சட்டைக்கு ஈயம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், உத்தரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மேலே இருந்தபடி.

“அவன் குத்துனப்போதான்மே நான்னு ஒருத்தன் கீறேன்னு எனக்கே தெரிஞ்சுது.”

பிலோமினா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்ப நான்?”

அவன் உத்தரத்தை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவன், அது அவனுடைய நல்ல குணம் என்று நம்பித்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

சூசையப்பர் திருநாள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இருதயத்துக்கும் கன்னியப்பனுக்கும் குத்துச்சண்டை என்று வாத்தியார் விளம்பரத் தட்டி வைத்துவிட்டார். மறுநாள் கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு பிலோமினா புளியந்தோப்புக்குப் பஸ் ஏறினாள். ஒரு சந்துக்குள் மீன்பாடி என்கிற மூணு சக்கர வண்டிகளுக்குச் சக்கரம் சரிபண்ணுகிற பட்டறையில் கன்னியப்பன் குந்தியிருந்தான். அவள் நினைத்துக்கொண்டு போன ஆள் வேறு. இவன் நோஞ்சான், தலை நரைத்துவிட்டது. சக்கரத்தைச் சுழலவிட்டு விரலால் தடவிக் கோணலைப் பார்த்தான்.

“இருதயம் சம்சாரமா? வாம்மா. உக்காரு. டீ சொல்லவா?”

“டீ வேணாண்ணே. நீ இந்தச் சண்டைக்கு வரலன்னு சொல்லிடு. அவரு ஒடம்பு ஒடம்பா இல்ல. காத்துல அடிச்சிக்கினு போறாரு.”

“கேள்விப்பட்டேன்.” சக்கரத்தை நிறுத்தினான். “நான் வரலன்னா அவன் எறங்கி வந்துடுவான்னு நெனைக்கிறியா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள், அவன் அவளைப் பார்க்க முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

“எடது கண்ணு தெரியாதும்மா. அடி வாங்கிப் போனது. இன்னொரு குத்து அந்தப் பக்கம் பலமா வுழுந்தா மொத்தமா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. போறது இன்னொரு கண்ணா, தலையான்னு அவருக்கே தெரியல.” யாருடைய கதையோ மாதிரி சொன்னான். “இத அவன்கிட்ட சொல்லிடாத.”

“அய்யோ, அப்பறம் எதுக்குண்ணே இந்த வேல?”

கன்னியப்பன் சக்கரத்தை மறுபடி சுழலவிட்டான். தெருவில் ஒரு மீன்பாடி வண்டி கடகடவென்று போனது.

“கண்ணு போனதுலேர்ந்து என்னப் பாக்கறவன்லாம் பாவம்னு பாக்கறான். டீக்கடைல டம்ளர கைல குடுத்து விரல மடக்கி வுடறான். அவன் ஒருத்தன்தாம்மா இன்னும் என்ன அடிக்கணும்னு நெனச்சிக்கினு கீறான்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது பிலோமினா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். சக்களத்தி இருந்தால் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடலாம். இது அப்படியில்லை. ரெண்டு பேர் ஒருத்தரையொருத்தர் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் அவள் குறுக்கே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டாள். ஒரு ஆளைக் கொன்றுவிட்டுப் புருஷன் உயிரோடு திரிவதைவிட, சொன்ன வாக்கை மீறின பாவம் சின்னது என்று அவளுக்குப் பட்டது. இருதயம் மேலே இருந்தபடி கேட்டான்.

“தெரியும்,” என்றான். “மேலேர்ந்து அவன் நடக்கறதப் பாத்தே தெரிஞ்சிக்கினேன். நான் அந்தப் பக்கம் குத்த மாட்டேன்மே.”

திருநாளன்று ஒரு சிக்கல் வந்தது. ஈயத்தோடு மேடை ஏறக்கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார், கயிறு கட்டவும் கூடாது, ஆனால் ஈயத்தைக் கழற்றினால் ஆள் போய்விடுவான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் படகு முதலாளி தன் புது வலையைக் கொண்டுவந்து கொடுத்தார், ஆண்கள் நாலு மூலைக்கும் சவுக்குக்கட்டை நட்டு, மேடைக்கு மேலே வலையைப் பந்தல் மாதிரி விரித்துக் கட்டினார்கள். பாதிரியார் வலைக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். வெயில் தாழ்ந்ததும் மணி அடித்தது.

முதல் ரவுண்டில் ஜனம் சிரித்தது. அதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கன்னியப்பன் குத்தினால் இருதயம் ஈரமில்லாத துணி மாதிரி பின்னால் போனான், மேலே எழும்பி வலையில் முட்டினான், வலையைக் கையால் தள்ளித் தள்ளிக் கீழே வந்தான், வந்து குத்தினான், அவன் குத்து கன்னியப்பன் மார்பில் இறகு மாதிரி பட்டது. மல்லாட்டைக் கடலை விற்கிறவன்கூட விற்பதை விட்டுவிட்டுச் சிரித்தான். “இன்னாய்யா, கிச்சுகிச்சு மூட்றியா?” என்று ஒருத்தன் கத்தினான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிலோமினாவுக்கு, தன் சேலையை யாரோ நடுரோட்டில் உருவுகிற மாதிரி இருந்தது. மேடையில் இருந்த ரெண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. இருதயத்தின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தவன் அவன், கொடுக்க வந்த இடத்தில் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ரெண்டாவது ரவுண்டு தொடங்கியதும் கன்னியப்பன் ஒரு காரியம் செய்தான். நேராக நடந்துபோய் இடது கையால் இருதயத்தின் கழுத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்து, அவனைத் தன்னோடு சேர்த்துக் கீழே அழுத்தினான், கால் ரெண்டும் பலகையைத் தொடும்வரை அழுத்தினான். அப்படிப் பிடித்துக்கொண்டே வலது கையால் விலாவில் குத்தினான். பின்னால் போக வழியில்லாத குத்து, உள்ளே இறங்கியது. இருதயம் “ஹக்” என்றான். அது வலியின் சத்தம், பிலோமினா மாதக்கணக்கில் அந்த உடம்பிலிருந்து கேட்காத சத்தம். அவன் திருப்பிக் குத்தினான். இப்போது கன்னியப்பன் “ஹக்” என்றான். விதிப்படி பிடிக்கக் கூடாது என்று விலக்கப் போன நடுவர், கிட்டே போய் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கையைக் கீழே போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

சிரிப்பு நின்றது. ஒவ்வொரு குத்துக்கும் இருதயத்தின் குதிகால் பலகையில் கொஞ்சம் கொஞ்சமாக அழுந்தியது, பலகை முனகியது, அந்த முனகலைக் கேட்டுக் கேட்டு ஜனம் வாயை மூடிக்கொண்டது, சிலுவை போட்டுக்கொண்டது, தோளில் இருந்த குழந்தையை இறக்கிவிட்டது. எடை வந்துகொண்டிருந்தது. ஐஸ் இழுத்த தோளுக்கு, ஓடின தொடைக்கு, பட்டினி கிடந்த வயிற்றுக்கு அதது எடை திரும்பிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்தான். இருதயம் தரையிலேயே நின்றான்.

மூன்றாவது ரவுண்டை இன்றைக்கும் குப்பத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். ரெண்டு நல்ல ஆட்டக்காரர்கள், அதற்கு மேல் ஒரு அதிசயமும் இல்லை. ஆனால் பாதியில் கன்னியப்பன் சட்டென்று நின்றான், கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.

“டேய் இருதயம். எடது பக்கம் காலியா வுட்டுக்கினே வரேன், கண்ணு தெரியலியா உனக்கு?”

இருதயம் ஓர் அடி பின்னால் வைத்தான்.

“நீயும் டம்ளர கைல குடுக்கறியாடா?” என்றான் கன்னியப்பன். தெரியாத கண் இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு, வலது கையைத் தாழ்த்தாமல், காலைப் பின்வைக்காமல் முன்னேறி வந்தான். “இவ்ளோ தூரம் எறங்கி வந்தது இதுக்குத்தானா?”

பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். “வேணாய்யா!” என்று கத்தினாள். அது மைதானம் முழுக்கக் கேட்டது. அவனுக்கும் கேட்டது, அவன் தோள் ஒரு கணம் நின்றதை அவள் பார்த்தாள். பிறகு அவன் குத்தினான். சொன்ன சொல்லைவிட, தந்தையும் தாயுமில்லாத தனக்குக் கிடைத்த ஒரே ஆளை மதிப்பது பெரிது என்று நினைத்தானோ என்னவோ, போன எடையும் வந்த எடையும் சேர்த்து அந்த ஒரு கையில் வைத்துக் குத்தினான். கன்னியப்பன் விழுந்தான். மேடையின் நடுப்பலகை முறிந்தது.

மூங்கில் தட்டியில் வைத்து அவனைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஆட்டோவைத் தேடி ஓடியது. அந்தக் களேபரத்தில், இருதயத்தின் கால் மறுபடி பலகையை விட்டுக் கிளம்பியதை யாரும் பார்க்கவில்லை. அவன் நிமிர்ந்தபடியே, கையில் கிளவுஸோடு, மெதுவாக மேலே போய் வலையில் முதுகு ஒட்டி நின்றான். மைதானம் காலியானது. காகிதப் பொட்டலங்களும் மல்லாட்டைத் தோலும் கிடந்த மேடைக்கு நடுவில் பிலோமினா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேலைத் தலைப்பை மேலே வீசினாள். அவன் பிடிக்கவில்லை. ஆண்கள் வந்து காலைப் பிடித்து இழுத்தார்கள், இறங்கினான், விட்டதும் போனான். ஈயம் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தார்கள், ஈயத்தோடு போனான். வாத்தியார் அவன் பெயரைச் சொல்லித் திட்டித் திட்டிக் குரல் கட்டிப்போய் வீட்டுக்குப் போனார். அன்றைக்கு அப்படியே விட்டார்கள், அடுத்த நாளும் விட்டார்கள். அவள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஏணி போட்டு ஏறி ஊட்டினாள், ரெண்டு வாய் வாங்கிக்கொண்டான், அவள் மனசுக்காக வாங்கினான் என்று அவளுக்கே தெரிந்தது. பிறகு படகு முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

“தடைக்காலம் வரப்போவுதும்மா. அதுக்குள்ள ரெண்டு தபா கடலுக்குப் போனாத்தான் உண்டு. வலை வேணும். தப்பா நெனைக்காத.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? கோயில் மணிக்கூண்டில் கட்டிவைக்கலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். கோழிக்கூண்டு மாதிரி பெரிசாகக் கம்பிக்கூண்டு அடித்துத் தருகிறேன் என்று வெல்டிங் கடைக்காரர் உண்மையான அக்கறையோடு சொன்னார். பிலோமினா எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறி, அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

“வூட்டுக்கு வா.”

“வந்தா உன் கூரைல ஒட்டிக்கினு கெடப்பேன், பிலோ.”

“கெட. எனக்கு அது போதும்.”

அவன் அவளைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அப்படி அவளைப் பார்த்ததில்லை, அவளுடைய மூக்குத்தியை, இறால் முள் குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்களை, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை, ஒவ்வொன்றாகப் பார்த்தான், யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி.

“உனக்குப் போதாதுமே,” என்றான். “போதும்னு நீயா சொல்லிக்கினே வாழ்ந்துட்ட.”

அவள் ஏணியை விட்டு இறங்கி, முதல் மூலைக்குப் போய் முடிச்சை அவிழ்த்தாள். உப்புக்காற்றில் இறுகிப்போன முடிச்சு, நகம் உடைந்தது. உதவிக்கு வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினாள். ரெண்டாவது மூலை, மூன்றாவது மூலை. வலை ஒரு பக்கமாகச் சரிந்தபோது அவன் அதன் ஓரமாக வழுக்கி வெளியே வந்தான், சின்னச் சத்தம்கூட இல்லை, காலைக் காற்று அவனைக் கடல் பக்கமாகக் கொண்டுபோனது, கோபுரத்துச் சூசையப்பருக்கு மேலே, ஐஸ் கம்பெனிக் கூரைக்கு மேலே, படகுகளின் கொடிகளுக்கு மேலே போய், ரொம்ப நேரம் ஒரு புள்ளியாக இருந்தான். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் கடலுக்குப் போனார்கள்.

குப்பம் அதற்கும் பழகியது. சாவு இல்லாததால் அடக்கப் பூசை கிடையாது என்றார் பாதிரியார், ஆனால் கடலுக்குப் போனவர்களுக்கான ஜெபத்தில் அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். ரேஷன் கடையில் அவன் பங்கு அரிசி தொடர்ந்து வந்தது. டிஷ் சரிபண்ண ஆள் இல்லையே என்று பொம்பளைகள் கொஞ்ச நாள் அங்கலாய்த்தார்கள், பிறகு எல்லார் வீட்டிலும் கேபிள் இழுத்துக்கொண்டார்கள். பிலோமினா கொட்டகைக்குப் போனாள், வந்தாள், பாயின் நடுவில் படுக்கக் கற்றுக்கொண்டாள்.

தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கிளம்பின ஒரு வாரத்தில், ஒரு மத்தியானம், கையில் ஒரு குச்சியோடு கன்னியப்பன் வாசலில் வந்து நின்றான். செத்துவிடுவான் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் நினைத்தார்கள், பிழைத்துவிட்டான். ரெண்டாவது கண்ணும் போய்விட்டது. யார் வீடு என்று கேட்டுக்கேட்டு, சந்து சந்தாகத் தடவி வந்திருந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்காரவைக்கப் போனாள், பிறகு நினைத்துக்கொண்டு கையை விட்டுவிட்டு, “வலது பக்கம் ஸ்டூல் கீதுண்ணே,” என்று மட்டும் சொன்னாள். அவன் தடவிப் பார்த்து உட்கார்ந்தான்.

“போயிட்டான்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“நெஜமா குத்துனாம்மா,” என்றான் கன்னியப்பன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. “கொஞ்சங்கூட மிச்சம் வெக்கல.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று எத்தனையோ நாள் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்த கேள்வி, வாயில் வந்துவிட்டது.

“ரெண்டாவது ரவுண்டுல புடிச்சிக்கினு நின்னீங்களே. காதோட காதா. அப்ப அவரு எதாவது சொன்னாரா? என்னப் பத்தி?”

கன்னியப்பன் எதையாவது சொல்லியிருக்கலாம். அவனுக்கு வாயில் வந்திருக்கும், அவளுக்கும் அது பொய்யென்று தெரிந்திருக்கும், தெரிந்தே அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பாள். வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடத்தை உருட்டிக்கொண்டு ஓடினார்கள்.

“இல்லம்மா,” என்றான். “ஒண்ணும் சொல்லல.”

அவள் தலையை ஆட்டினாள், அவனுக்குக் கண் தெரியாது என்பதை மறந்து. ஒரு தட்டை எடுத்துக் கழுவிச் சோறு போட்டாள், குழம்பை ஊற்றினாள், தலைப்பக்கத்துத் துண்டமாகப் பார்த்து வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் விரலால் மீனைத் தடவி முள்ளைத் தானே பிரித்தான், அவள் உதவப் போகவில்லை. ஒரு வாய் தின்றான், இன்னொரு வாய் தின்றான், நிறுத்தினான்.

“உப்பு பத்தலம்மா,” என்றான்.

பிலோமினா தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். உப்பு பத்தவில்லைதான், போடவே இல்லை, எத்தனை நாளாக இப்படித் தின்றுகொண்டிருந்தாளோ அவளுக்கே தெரியவில்லை. எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.